உட்கோட்டம்: 'இம்ப்ளிசிட் பயாஸ்' என்பதற்கு ஒரு பழைய தமிழ்ச்சொல்

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மூட்டுவலியோடு பஸ் ஏறி மதுரைக்கு வருகிறார் உடல் பருத்த ஓர் அக்கா. முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "மொதல்ல வெயிட்டைக் குறைங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார் டாக்டர். அவர் கெட்டவர் இல்லை. நல்லதுக்குச் சொன்னதாகவே நம்புவார். ஆனால் அதே வலியோடு ஒல்லியான ஒருவர் வந்திருந்தால் எக்ஸ்ரே எழுதியிருப்பார். தனக்கே தெரியாமல் மனதில் இருக்கும் இந்தச் சாய்வைத்தான் 'இம்ப்ளிசிட் பயாஸ்' என்கிறார்கள்.

'பயாஸ்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். சாய்வு என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தரையில் பந்து உருட்டும் 'பௌல்ஸ்' ஆட்டத்துக்குள் அது வந்தது. பந்தின் ஒரு பக்கத்தைக் கனமாகச் செய்வார்கள். நேராக உருட்டினாலும் அது வளைந்தே ஓடும். மனச்சாய்வுக்கும் பிறகு அதே சொல் நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்குப் 'பாரபட்சம்' என்று எழுதுகிறார்கள். அது தெரிந்தே செய்கிற காரியம்போல் ஒலிக்கிறது. கேட்ட டாக்டர் "நான் அப்படியெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை" என்று விலகிக்கொள்வார். 'சார்பு' என்பதோ கணக்குப் பாடம் வரை பல இடங்களில் புழங்கித் தேய்ந்த சொல்.

நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் கச்சிதமான சொல்லைத் தந்திருக்கிறார்:

"சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்" (119)

உள்ளத்தில் சாய்வில்லை என்பது உறுதியானால் சொல்லிலும் சாய்வு இராது, அதுவே நடுவுநிலைமை என்கிறது குறள். கோடுதல் என்றால் வளைதல்; உட்கோட்டம் என்றால் உள்ளத்தில் இருக்கும் வளைவு. மதுரைக்காரர்களுக்குக் கோட்டம் என்றதும் ரயில்வே கோட்டம் நினைவுக்கு வரும்; அது வேறு பொருள். கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனின் கோல் வளைந்தது இந்த ஊரில்தான். நோயாளியைச் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வதும் அந்த வகைதான்.

சரி, உட்கோட்டத்தை எப்படிக் களைவது? 'இவர் ஒல்லியாக இருந்தால் நான் என்ன டெஸ்ட் எழுதுவேன்?' என்று ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கம். எடை பார்க்குமுன் அனுமதி கேட்கலாம். வந்த எண்ணை வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி கத்தாமல் இருக்கலாம். அப்புறம், பிபி பார்க்கும் பட்டை. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்று வாங்கி வைக்காததால், தேவையில்லாத மாத்திரை ஒருவர் தலையில் விழக்கூடும். தைராய்டு குறைபாடும் ஸ்டீராய்டு மாத்திரையும்கூட எடையை ஏற்றும். எடையைப் பார்த்ததும் சாப்பாட்டைக் குறை சொல்லுமுன் இவற்றை விசாரிக்க வேண்டும்.

இந்தச் சொல் ஒல்லியானவர்களுக்கும் பொருந்தும். நம் ஊர்க்காரர்களுக்கு மெலிந்த உடம்பிலும் சர்க்கரை நோய் வருகிறது. "நீங்க ஒல்லியாத்தானே இருக்கீங்க, சுகரெல்லாம் இருக்காது" என்று ரத்தப் பரிசோதனை எழுதாமல் அனுப்புவதும் உட்கோட்டம்தான்.