நிறம் நீங்கிய பிறகும் நீங்காத உப்பு

நொய்யல் ஆற்றில் தண்ணீர் சிவப்பாகவோ நீலமாகவோ ஓடினால் மாலைக்குள் அதன் படம் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் செய்தித்தாளிலும் வரும். நிறமில்லாமல் ஓடும் தண்ணீரை யாரும் படம் எடுப்பதில்லை. திருப்பூர் வட்டாரத்துச் சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பொறியாளராக வேலை பார்க்கும் எனக்கு அந்த இரண்டாவது தண்ணீர்தான் அதிகக் கவலை தருகிறது. நிலத்தைப் பாழாக்கியதில் சாயத்தின் நிறத்தைவிட, அதோடு சேர்ந்து வந்த உப்புக்குத்தான் பெரும்பங்கு.

சாயத்தில் உப்பு எங்கிருந்து வந்தது என்று படித்தவர்களே கேட்பார்கள். பருத்திப் பனியன் துணிக்குப் பெரும்பாலும், இழையோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயம் போடுகிறார்கள். தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கும் எதிர்மின்தன்மை, சாயத்துக்கும் எதிர்மின்தன்மை; இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை அடக்கி, சாயத்தைத் துணியின் பக்கம் சேர்க்கத்தான் உப்பு. சாதாரணச் சமையல் உப்பான சோடியம் குளோரைடையோ, கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட்டையோ கொட்டுவார்கள். அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராம் வரை, சில சமயம் அதற்கு மேலும் போகும். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் அளவுதான் இருக்கிறது.

ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 600 கிராம் உப்பு. 150 கிராம் எடையுள்ள ஒரு கருப்பு டி-சர்ட்டுக்கு 90 கிராம். அதில் எதுவும் சட்டையில் தங்குவதில்லை. சாயம் ஏறியதும் அதன் வேலை முடிந்தது. அலசும்போது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். ஆர்கானிக் பருத்தியானாலும் ரியாக்டிவ் கருப்பு ஏற இந்த உப்பு வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டியில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்றுவிடும். மிஞ்சிய நிறத்தைக் குளோரினோ ஓசோனோ வெளுத்துவிடும். இந்த இரண்டு கட்டங்களும் முடிந்தவுடன் பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். பார்க்க வந்த விவசாயி ஒருவர், "தெளிஞ்சிருச்சுங்களே, தென்னைக்குப் பாய்ச்சலாமுங்களா?" என்று கேட்டார். அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவை டிடிஎஸ் மீட்டரில் காட்டினேன். லிட்டருக்குப் பல ஆயிரம் மில்லிகிராம். குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியில்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். நுண்ணுயிரும் குளோரினும் உப்பைத் தொடுவதே இல்லை.

உப்பில் இருக்கும் சோடியம் களிமண்ணில் போய்ச் செய்யும் வேலை மோசமானது. மண் துகள்களைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. துகள்கள் பிரிந்து சிதறி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு மழை பெய்தாலும் நீர் கீழே இறங்காது. மேலே பொருக்குத் தட்டிவிடும்.

இதைக் கொங்கு நாடு ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணை வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டிய விவசாயிகளே அதில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அது முழுமையாக நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீரை வெளியே விடாத இன்றைய ஜீரோ டிஸ்சார்ஜ் ஏற்பாடு அந்த அடிக்குப் பிறகுதான் நிலைபெற்றது.

அந்த ஏற்பாட்டில், நிறம் நீக்கிய நீரை ஆர்.ஓ. சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறோம். மிஞ்சும் அடர்ந்த உப்புநீரில் ஒரு பகுதியைச் சாயமேற்றவே மறுபடி பயன்படுத்தலாம். மற்றதை ஆவியாக்கி உப்பைப் படியவைக்க வேண்டும். ஆவியாக்க மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகின்றன. ஆற்றுக்குப் போகாத மாசின் ஒரு பங்கு புகைபோக்கி வழியே போகிறது என்றும் சொல்லலாம். கடைசியில் குளோரைடும் சல்பேட்டும் சாய மிச்சமும் கலந்த ஓர் உப்பு கிடைக்கும். அதை வாங்க ஆளில்லை. மழை படாமல் கொட்டகைக்குள் மூட்டை மூட்டையாக அடுக்கிக் காவல் காக்கிறோம்.

ஆகவே உப்பைக் கடைசியில் பிடிப்பதைவிட முதலில் குறைவாகப் போடுவதுதான் என் கட்சி. பழைய வின்ச் தொட்டிகளைவிட இன்றைய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் மிகக் குறைந்த தண்ணீரில் ஓடும். உப்பை லிட்டர் கணக்கில் போடுவதால், தண்ணீர் பாதியானால் உப்பும் பாதியாகும். கோல்ட் பேட் பேட்ச் முறையில் உப்பே வேண்டாம்; சாயத்தையும் காரத்தையும் துணியில் அழுத்தி ஏற்றி, சுருட்டிப் பல மணி நேரம் அப்படியே வைத்துவிடுவார்கள். இழுபடும் பின்னல் துணிக்கு இது சற்றுச் சிரமமான முறை, ஆனால் முடியாததில்லை. இவற்றுக்கெல்லாம் முதலீடு வேண்டும். சாயமேற்றிய முதல் நீரையும் பிறகு அலசிய நீரையும் தனித்தனிக் குழாயில் விடுவதற்கு அவ்வளவு பணம் வேண்டாம். உப்பின் பெரும்பகுதி அந்த முதல் நீரில்தான் இருக்கிறது. அதன் அளவும் மொத்தக் கழிவுநீரில் சிறு பங்குதான். அதை மட்டும் பிரித்துத் தந்துவிட்டால் எங்கள் சுமை பாதி இறங்கிவிடும். ஆனாலும் இரண்டையும் ஒரே வாய்க்காலில் கலந்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பேசப்படாத இன்னொரு காரணம் மறுசாயம். அனுமதித்த மாதிரித் துணிக்கும் வந்த துணிக்கும் நிறத்தில் மயிரிழை வித்தியாசம் என்று வாங்குபவர் திருப்பி அனுப்பினால், அதே துணி மறுபடி தொட்டிக்குப் போகும். மறுபடி உப்பு, மறுபடி தண்ணீர். உடுத்துகிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாத வித்தியாசம் அது. சுற்றுச்சூழல் அறிக்கையை வழவழ தாளில் அச்சிடும் நிறுவனங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தால் நாங்கள் புதிய இயந்திரம் வாங்குவதற்கு நிகராகும். உடுத்துகிற நாமும் ஒரு சட்டையை இரண்டு ஆண்டுக்குப் பதில் நான்கு ஆண்டு போட்டால் ஒரு சட்டைக்கான உப்பு மிச்சம். வெளிர் நிறத்துக்கு உப்பும் குறைவு.

இன்னும் ஆற்றில் நிறம் தெரிகிறதே என்றால், அனுமதியில்லாமல் வீடுகளிலும் கொட்டகைகளிலும் நடக்கும் சிறு பட்டறைகளைப் பார்க்க வேண்டும். பட்டன், ஜிப் போன்றவற்றுக்குச் சாயம் போடும் இடங்களும் இதில் உண்டு. மழைக்காகக் காத்திருந்து சாக்கடையில் திறந்துவிடுவார்கள். பார்த்தால் நேரத்தையும் சாக்கடை எந்தச் சந்திலிருந்து வருகிறது என்பதையும் குறித்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே சொல்லுங்கள். மறுநாள் சொன்னால் மாதிரி எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

கிணறு வைத்திருப்பவர்களுக்கு: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரால் கோடையிலும் மழைக்குப் பிறகும் அளந்து எழுதிவையுங்கள். எண் அதிகமாக இருப்பதாலேயே சாயக்கழிவு என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தப் பகுதியில் இயல்பிலேயே கடின நீருள்ள கிணறுகள் உண்டு. ஆய்வகத்தில் சோடியம், கால்சியம், மெக்னீசியம், குளோரைடு நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். சோடியம் ஓங்கியிருந்தால் மண்ணையும் சோதித்து, வேளாண் துறை சொல்லும் அளவில், கால்சியம் உள்ள ஜிப்சம் இடலாம். அது சோடியத்தைப் பெயர்த்துவிடும். ஆனால் பெயர்ந்த சோடியத்தை அடித்துக்கொண்டு போக நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் வாங்கிப் போடுவது வீண்செலவு.