பிஎம்எஃப்எம்இ 35% மானியம்: மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு, அப்பளம், மசாலாப் பொடின்னு ஊர்ல விளையுறத வச்சு சின்னதா தொழில் பண்றவங்களுக்கு 2020-ல மத்திய அரசு கொண்டு வந்தது தான் பிஎம்எஃப்எம்இ, அதாவது பிரதமர் பேர்ல இருக்கற குறு உணவு பதப்படுத்தும் தொழில் திட்டம். திட்டச் செலவுல 35%, அதிகபட்சம் 10 லட்சம் மானியம். 2025-26 வரைக்கும்னு நீட்டிச்சிருந்தாங்க, அதனால திட்டத்தோட போர்ட்டல்ல இப்ப விண்ணப்பம் எடுக்கறாங்களான்னு முதல்ல பாத்துக்கோங்க.

மானியம்னதும் பணம் நம்ம அக்கவுண்ட்ல விழும்னு நினைச்சு தான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. இது கடனோட சேர்ந்த மானியம், பேங்க் லோன் தரலைன்னா மானியமும் கிடையாது. 10 லட்சம் திட்டம்னா உங்க கைக்காசு குறைஞ்சது 1 லட்சம், மீதி 9 லட்சம் லோன். மூணரை லட்சம் மானியம் பேங்க்லயே தனிக் கணக்குல கிடக்கும், லோனோட கடைசித் தவணைய பேங்க் ரிலீஸ் பண்ணி 3 வருஷம் ஆகி, அதுவரைக்கும் நீங்களும் ஒழுங்கா கட்டிட்டு யூனிட்டும் ஓடிட்டு இருந்தா தான் அதைக் கடன்ல கழிப்பாங்க. நடுவுல லோன் வாராக்கடன் ஆயிடுச்சுன்னா அந்த மூணரை லட்சத்தை பேங்க் தன் பாக்கிக்கு எடுத்துக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, மானியம் உறுதின்னு ஏஜென்ட் சொன்னத நம்பி நகைய அடகு வச்சு செக்கு மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. அப்புறம் தான் பேங்க்ல சிபில், அதாவது பழைய கடனை எப்படிக் கட்டியிருக்கோம்ங்கற பதிவைப் பாத்தாங்க, வீட்டுக்காரருக்கு ஜாமீன் போட்ட பழைய டூ வீலர் லோன் ஒண்ணு பாக்கி நின்னுச்சு. லோன் வரல, மெஷின்காரர் அட்வான்ஸையும் திருப்பித் தரல. லோன் தர்றோம்னு பேங்க் குடுக்கற சாங்ஷன் லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு ரூபா கூட யாருக்கும் குடுக்காதீங்க. உங்க சிபிலை நீங்களே முன்கூட்டி எடுத்துப் பாருங்க.

ஏஜென்ட் சொல்ற இன்னொரு வழி, கொட்டேஷனை ஏத்திப் போட்டா கைக்காசு போட வேண்டாம்ங்கறது. அந்த ஏத்தின தொகைக்கும் வட்டியோட இஎம்ஐ கட்டப்போறது நீங்க தான். 40 லட்சம்னு எழுதினாலும் மானியம் 14 லட்சம் ஆகாது, 10 லட்சத்தோட நின்னுடும். ஏஜென்டே தேவையில்ல, மாவட்ட வள நபர்னு ஒருத்தர் இதுக்குன்னே இருக்கார், திட்ட அறிக்கை தயார் பண்ண, பேங்க்ல பேச உதவறது அவர் வேலை. அவருக்கான ஃபீஸை திட்டமே குடுக்குது, உங்ககிட்ட வாங்கக்கூடாது. குறு சிறு தொழில்னு அரசுகிட்ட பண்ற உத்யம் பதிவும் இலவசம் தான், அதுக்கும் ஆயிரக்கணக்குல வாங்கறாங்கன்னு கேட்டா வயிறு எரியுது.

குடும்பத்துல ஒருத்தருக்கு தான் கிடைக்கும், கணவன் மனைவி பிள்ளைங்க எல்லாம் ஒரே குடும்பம். நிலம் வாங்கற செலவு கணக்குல வராது. வாடகைக் கட்டடம்னா அக்ரிமென்ட்டையும் கரண்ட் கனெக்ஷனையும் முன்னாடியே சரி பண்ணுங்க, வீட்டு கனெக்ஷன்ல மெஷின் ஓட்டறதா இருந்தா அங்கயே ஃபைல் நிக்கலாம்.

மகளிர் குழு அக்காக்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபா வரைக்கும் தொடக்க நிதி உண்டு, ஆனா ஏற்கனவே உணவுத் தொழில் பண்ற உறுப்பினருக்கு மட்டும். அது உங்க கைக்குக் கடனா தான் வரும், குழுவுக்குத் திருப்பிக் கட்டணும்.

இப்ப பேங்க். "மேனேஜர் லீவு", "அடுத்த வாரம் வாங்க", "எங்க ஏரியா இல்ல"ன்னு அலையவிடுவாங்க, வேலையை விட்டுட்டு பஸ் ஏறி வர்றவங்களோட ஒரு நாள் கூலி அவங்களுக்குக் கணக்கே இல்ல. வாயால சொல்ற பதிலை ஏத்துக்காதீங்க. விண்ணப்ப நம்பரைக் குறிச்சு லெட்டர் குடுத்து, நகல்ல சீல் வாங்குங்க. சொத்து அடமானம் கேட்டா, குறைஞ்சது 10 லட்சம் வரைக்குமாவது குறு சிறு தொழில் கடனுக்குப் பிணை கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்குன்னு சொல்லுங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. அதுக்கும் அசையலன்னா மாவட்டத்து பேங்க்குகளை ஒருங்கிணைக்கற மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்கிட்டயும், திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்லயும் அந்த சீல் வச்ச நகலோட மனு குடுங்க. அரசு பேங்க்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம், 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்.

லோன் வந்தப்புறம் கடைசித் தவணை ரிலீஸ் ஆன தேதியை எழுதி வச்சுக்கோங்க. 3 வருஷம் முடிஞ்சதும் மானியத்தைக் கழிக்கச் சொல்லி நீங்களே லெட்டர் குடுங்க, பேங்க் தானா கூப்பிட்டு கழிக்கும்னு காத்திருக்காதீங்க.