சித்திரை வெயிலும் இட்லி மாவின் சூடும்

கத்திரி வெயில் நெருங்கினால் மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான்: "ராத்திரி கரைச்சு வச்ச மாவு விடியறதுக்குள்ள புளிச்சுப் போச்சு. இட்லியும் தட்டையா வருது." பழி அரிசி மேலும் உளுந்து மேலும் விழுகிறது. சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றை மாவின் நடுவில் குத்திப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. புளிப்பு, வாயு இரண்டையும் அது சேர்த்தே தரும். அதற்குத் தோதான சூடு 25 முதல் 30 டிகிரி. 35-ஐத் தாண்டினால் புளிப்பை மட்டுமே தரும் வேறு வகைகள் முந்திக்கொள்ளும். மாவு புளிக்கும், பொங்காது.

சூடு ஏறத் தொடங்குவது கிரைண்டரிலேயே. மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியம் கையில் பட்டாலே சுடுகிறது. அதை ஊற்றி அரை மணி நேரம் உளுந்து ஆட்டினால் கல் உரசுகிற சூடும் சேர்ந்துகொள்ளும். 1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நான்கு மணி நேர ஊறலை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் ஊறும்போதே வாடை வந்துவிடும். ஆட்டும்போது ஐஸ் தண்ணீரைக் கை கையாகத் தெளியுங்கள், மொத்தமாக ஊற்ற வேண்டாம். உளுந்து மாவைக் கிள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் பஞ்சு மாதிரி மிதக்க வேண்டும். அரிசி மாவும் 25 கிராம் உப்பும் சேர்த்துக் கரைத்த பிறகு சூடு 28-க்குள் இருக்கட்டும்.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பெரிய அண்டாவைவிட இரண்டு சிறிய பாத்திரங்கள் நல்லது. புளிக்கும்போது மாவு தானாகவும் கொஞ்சம் சூடேறும், அண்டாவின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பாத்திரத்தை அகலமான பேசினில் வைத்து, மாவு மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள். மானாமதுரை மண்பானை இருந்தால் ஈரத்துணி சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்தாலே போதும். துணி காய்ந்துவிட்டால் பலன் போய்விடும்.

இரவு எட்டுக்கு வைத்த மாவை விடியற்காலை நான்குக்கே பாருங்கள். ஒன்றரை மடங்கு உயர்ந்து, கரண்டியால் ஓரத்தை விலக்கும்போது தேன்கூடு மாதிரி துளைகள் தெரிந்தால் உடனே ஃபிரிட்ஜ். இதில்தான் மாவு விற்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 10 லிட்டர் டிரம்மை அப்படியே உள்ளே தள்ளினால் ஓரம் குளிரும், நடு மணிக்கணக்கில் புளித்துக்கொண்டே இருக்கும். வாங்கியவர் வீட்டில் பாக்கெட் உப்பிப்போவது பல நேரம் இதனால்தான். ஒரு லிட்டர் டப்பாக்களாகப் பிரித்து, இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

மார்கழியில் கதை வேறு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டி, பாத்திரத்தைப் போர்வையால் சுற்றினால் 12 மணி நேரத்தில் பொங்கிவிடும்.

அமுங்கிப்போன மாவில் ஆப்பசோடா போடுவது வீண். புளிப்பு கொஞ்சம் குறையும், சோப்பு வாடைதான் மிஞ்சும். தோசைக்கோ பணியாரத்துக்கோ எடுத்துக்கொள்ளலாம். மேலே ரோஸ், ஆரஞ்சு, கறுப்பு என்று நிறத்திட்டு தெரிந்தால், அதைச் சுரண்டிவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.