பண்பாடு: வயலில் முளைத்த சொல்

கல்லூரியில் கட்டுரைக்கு ‘இயற்கையும் கலாச்சாரமும்’ என்று தலைப்பு கொடுத்தார்கள். மழை, மலை, மரம் ஒரு பக்கம், கோயில், திருவிழா, பாட்டு மறுபக்கம் என்று பிரித்து எழுத ஆரம்பித்தேன். மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாயை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று வந்தபோது பேனா நின்றுவிட்டது. தண்ணீர் வானம் தந்தது. கரை ஊரார் போட்டது. மடையைக் காப்பது காவல் தெய்வம் கருப்பசாமி. சரி, முதலில் சொல்லைப் பார்ப்போம் என்று அகராதியை எடுத்தேன்.

கலாச்சாரம் வடசொல். கலா, ஆசாரம் இரண்டும் சேர்ந்தால் ‘கலாசாரம்’ என்றுதான் வர வேண்டும். நடுவில் வரும் ‘ச்’ வழக்கில் ஒட்டிக்கொண்டது. இதற்குத் தமிழில் பண்பாடு என்ற சொல் இருக்கிறது. அதைத்தான் எழுத வேண்டும் என்பேன். மொழிப்பற்று மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

கட்டுப்படு கட்டுப்பாடு ஆகிறது, வேறுபடு வேறுபாடு ஆகிறது. அப்படித்தான் பண்படு என்ற வினை பண்பாடு ஆனது. சிலர் இதைப் பண்பு, பாடு என்று பிரித்து, கலித்தொகையின் ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்ற அடியைக் காட்டுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த அடி அது. ஆனாலும் அதில் பண்பு ஒரு சொல், பாடு வேறொரு சொல். உலக நடையை அறிந்து நடப்பதுதான் பண்பு என்கிறது அந்த அடி. ஆகவே பண்படு என்பதையே வேராகக் கொள்கிறேன்.

பண்படுதல் என்றால் பக்குவப்படுதல். நிலத்தைப் பண்படுத்துதல் என்று வேளாண்மைப் பாடங்களில் இன்றும் படிக்கிறோம். அப்பத்தாவுக்கு இந்தச் சொல் பழக்கமில்லை. அவர் ‘பதம்’ என்பார். “பதம் பாக்காம ஏரு பூட்டுனா கட்டி கட்டியாத்தான் பேரும்த்தா. ரொம்பக் காயவும் கூடாது, சேறாவும் இருக்கக் கூடாது” என்றார். மண் இணங்கும் நாள் வரைக்கும் காத்திருந்து உழ வேண்டும். பண்படுத்துவது என்பதன் முழுப் பொருளும் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

‘கல்ச்சர்’ என்பதற்கு ஈடாகப் பண்பாடு என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தமிழறிஞர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் ‘கோலெரே’ என்னும் லத்தீன் வினை. உழுவது, பேணுவது, குடியிருப்பது, வழிபடுவது எல்லாம் அந்த ஒரே வினைக்குள் அடக்கம். கி.மு. 45 வாக்கில் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, மெய்யியலை மனதை உழும் வேளாண்மை என்று எழுதினார். அங்கேயும் இங்கேயும் சொல் வயலிலிருந்துதான் மனதுக்கு ஏறியிருக்கிறது. கலாச்சாரம் என்று எழுதும்போது இந்த மண்வாசம் போய்விடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

இயற்கை என்பது இயல் என்ற அடியிலிருந்து பிறந்தது. தானாக அமைந்தது என்று பொருள். தமிழில் அதற்கு எதிர்ச்சொல் செயற்கை. பண்பாட்டை யாரும் இயற்கைக்கு எதிர்ச்சொல்லாகச் சொல்வதில்லை. அப்புறம் நான் மட்டும் ஏன் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி எழுதினேன்?

கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது எங்கள் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். சாமி கும்பிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் வலையும் கச்சாவுமாக எல்லாரும் இறங்குவார்கள். அதுவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. உழுவதையும் வழிபடுவதையும் ஒரே வினையில் அடக்கிய லத்தீன்காரர் இந்தக் கரையில் நின்றிருந்தால் விளக்கமே கேட்டிருக்க மாட்டார். மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அரிட்டாபட்டி மலையிலும் இதையே பார்த்தேன். தமிழ்பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைச் சிவன் கோயில், ராஜாளிப் பறவைகள் எல்லாம் அதே பாறைகளில்தான். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்தார்கள். அந்தப் பெயர்ப்பலகையில் ‘பல்லுயிர்’, ‘பாரம்பரியம்’ இரண்டும் ஒட்டி நின்றதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது.

எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்யும் ‘டிஷ்யூ கல்ச்சர்’ என்பதற்குப் பண்பாடு பொருந்தாது. அது திசு வளர்ப்பு. மீனுக்கும் பட்டுப்புழுவுக்கும்கூட வளர்ப்புதான். மக்களின் வாழ்முறையைச் சொல்லும் இடங்களில் பண்பாடு, பண்பாட்டு வரலாறு, பண்பாட்டு ஆய்வு என்று எழுதலாம். என் கட்டுரைத் தலைப்பையும் ‘கண்மாயும் பண்பாடும்’ என்று மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.