'தானியங்கி மின்மாற்றி' என்று ஒன்று இல்லை

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். மேடையில் வைக்க மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்ட வேண்டும். காரைக்குடிப் பட்டறைப் பையன் ஒருவன் அதற்கென்றே கம்பி கட்டர் ஒன்று செய்து வைத்திருந்தான். மர வில், குறுக்கே கரண்டில் சூடேறும் நிக்ரோம் கம்பி, கரண்டுக்கு ஒரு டிம்மர்ஸ்டாட், அதாவது குமிழைத் திருகி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மின்மாற்றி. வேறு எதுவும் இல்லை.

"தம்பி, கம்பி நேரா மெயின்ல நிக்குதேப்பா."

"இல்லண்ணே, இது தானியங்கி மின்மாற்றி. வீடியோல சொன்னாங்க. அதுவாப் பாத்துக்கும்."

இந்தச் சொல்லை இதோடு எத்தனை தடவை கேட்டுவிட்டேனோ. மூலச்சொல் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், டிம்மர்ஸ்டாட் அதில் ஒரு வகை. கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' என்றால் 'தான்'. ஒரே சுருள் தானே உள்ளே வாங்கவும் தானே வெளியே கொடுக்கவும் செய்வதால் வந்த பெயர். சொற்பிறப்பு அவ்வளவுதான்.

'ஆட்டோ' என்று கண்டவுடன் 'தானியங்கி' என்று போட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். அப்படியானால் ஆட்டோகிராஃப் தானியங்கிக் கையெழுத்தா? ஆட்டோபயாகிரஃபியைத் தன்வரலாறு என்று அழகாகச் சொல்லத் தெரிந்த மொழிக்கு இங்கே மட்டும் என்ன வந்தது? வீட்டு ஸ்டெபிலைசருக்குள் இருப்பதும் இதுதானே, தானாகத்தானே மாறுகிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மாறுவது ரிலே என்கிற சுவிட்ச், ஐயா. சுருள் பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது.

'தன்மின்மாற்றி' என்றும் ஒரு சொல் உண்டு. பிழையில்லை. ஆனால் பட்டறையில் அதைச் சொன்னால் 'தன்' என்ன என்று கேட்பார்கள். நான் சொல்வது ஒற்றைச்சுருள் மின்மாற்றி. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் இரட்டைச்சுருள். எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டிப் பின்வாசல் தெரியும். நுழைந்தவன் நேரே அடுத்த தெருவுக்கே போய்விடலாம். ஒற்றைச்சுருளும் அப்படித்தான். மெயினில் வருவது தடையில்லாமல் கம்பி வரை போகும். இரட்டைச்சுருள் என்றால் இரண்டு தனி வீடு, நடுவே கதவே கிடையாது, காந்தப்புலம் மட்டும்தான் தாண்டும்.

அந்தப் பையன் மீட்டரை வைத்து 12 வோல்ட் என்று காட்டினான். கம்பியின் இரண்டு முனைக்கும் நடுவே 12தான், சரி. பிளக்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால்? ஒரு முனை தரையிலிருந்து 230 வோல்ட்டில், மறு முனை 218இல். வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நின்று தொட்டால் எந்தத் தானியங்கி வந்து காப்பாற்றும்?

டிம்மர்ஸ்டாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் பின்னால் 12 வோல்ட், 5 ஆம்பியர் இரட்டைச்சுருள் ஒன்றை மாட்டி, கம்பிப் பக்கம் ஒரு ஃபியூஸ் போட்டு, டிம்மர்ஸ்டாட்டைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருக வேண்டும், 230ஐத் தாண்டாமல். 0.4 மில்லிமீட்டர் நிக்ரோம் அரை மீட்டர் என்றால் நாலேகால் ஓம் சுமார் வரும். 12 வோல்ட்டுக்கு மூன்று ஆம்பியருக்குள் அடங்கிவிடும். கம்பி சிவக்கவே வேண்டாம், அதற்கு முன்பே தெர்மாகோல் வெண்ணெயாய் வெட்டுப்படும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அந்தப் புகை ஆகாது.

இந்த வேலைக்கு ஆகும் இன்னொன்றான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரையும் மொழிபெயர்ப்பாளர்கள் விட்டுவைக்கவில்லை. 'தனிமைப்படுத்தும் மின்மாற்றி'யாம். 2020க்கு அப்புறம் அதைக் கேட்டால் வாசலில் தகரம் அடித்த வீடுதான் கண்ணில் வருகிறது. பிரிப்பு மின்மாற்றி என்றால் போதாதா? சுற்றைப் பிரிக்கிறது, வேறென்ன செய்கிறது.

மறுநாள் போனபோது டிம்மர்ஸ்டாட் மேல் சாக்பீஸில் 'ஒத்த சுருள், தொடாதே' என்று எழுதியிருந்தான். 'ஒத்த' என்றால் எழுத்துத் தமிழில் வேறு பொருள். திருத்தக் கை போனது, விட்டுவிட்டேன்.