கொறடா: ஆளா, காகிதமா, சாட்டையா?

சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு என்று செய்தி வந்தால் போதும், கொறடா என்ற சொல் கூடவே வந்துவிடும். கொறடா உத்தரவு பிறப்பித்தார், கொறடா உத்தரவை மீறினார், கொறடா புகார் கொடுத்தார் என்று ஒரு வாரம் ஓடும். அடுத்த நெருக்கடி வரும்வரை அப்புறம் யாரும் அதைத் தொடமாட்டார்கள். இதனாலேயே கொறடா என்றால் கட்சிக்காரர்களை மிரட்டும் ஓர் ஆள் என்ற படம்தான் நமக்குள் இருக்கிறது. அந்தப் பதவியின் அன்றாட வேலை தெரியவேண்டுமானால் நெருக்கடி இல்லாத ஒரு அவையைப் பார்க்கவேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகான ஆஸ்திரேலியாவின் கீழவை, அதாவது அங்கே பிரதிநிதிகள் சபை என்று சொல்வது, அதற்கு ரொம்பவும் தோதான இடம்.

முதலில் சொல். கொறடா என்றால் சாட்டை, குதிரையை விரட்டும் சாட்டை. தமிழில் பிறந்த சொல் இல்லை. தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா, இந்தியில் கோடா, எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஆணி பிடுங்கும் குறடுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆங்கிலத்தில் இந்தக் கட்சிப் பதவிக்கு 'விப்' என்று பெயர், அதற்கும் சாட்டை என்றுதான் பொருள். நம்மவர்கள் நேராகச் சாட்டைக்குச் சாட்டை போட்டுவிட்டார்கள், என்ன, கையில் கிடைத்தது வடக்கிலிருந்து வந்த சாட்டை. சவுக்கு என்று போட்டிருந்தாலும் அதே கதைதான், அதுவும் சாபுக் என்ற பாரசீகச் சொல் வழியாக வந்தது.

ஆங்கிலத்தில் சாட்டை எப்படி அரசியலுக்குள் நுழைந்தது என்றால், நரி வேட்டையிலிருந்து. இங்கிலாந்தில் நரி வேட்டைக்குப் போகும்போது முப்பது நாற்பது நாய்கள் கூட்டமாக ஓடும். அதில் ஒன்றிரண்டு முயல் வாசனையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். அவற்றைச் சாட்டையைச் சொடுக்கித் திரும்பக் கூட்டத்தில் சேர்ப்பதற்கென்றே ஓர் ஆள் குதிரையில் வருவான், அவனுக்கு 'விப்பர் இன்' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் இது நாடாளுமன்றப் பேச்சுக்குள் வந்தது. ஒரு முக்கியமான விவாதத்துக்கு மன்னரின் அமைச்சர்கள் நாலா திசையிலிருந்தும் தங்கள் ஆட்களை விரட்டிக் கொண்டுவந்ததை நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1769-ல் இந்தச் சொல்லால் கிண்டல் செய்தார் என்பார்கள். உறுப்பினர்களை நாய்களாக்கும் உவமை அது, ஆனாலும் யாரும் அதை மாற்றவில்லை என்பது வேடிக்கை. போகப்போக 'இன்' உதிர்ந்து, 'அர்' உதிர்ந்து, 'விப்' மட்டும் நின்றது. ஆளுக்கும் அதே பெயர், அவர் அனுப்பும் காகிதத்துக்கும் அதே பெயர். பிரிட்டனில் கட்சியில் ஒருவருக்கு இருக்கும் இடத்துக்கும்கூட அதே பெயர்தான்: ஒருவரிடமிருந்து 'விப்'பைப் பறித்துவிட்டார்கள் என்றால் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் காகிதத்தில் முக்கியமான வாக்கெடுப்புக்கு மூன்று கோடு போடுவார்கள். மூன்று கோடு போட்டால் சாக்குப்போக்கு கிடையாது, வந்தே ஆகவேண்டும்.

சரி, ஆஸ்திரேலியா. 1946 தேர்தலில் கீழவைக்கு 74 தொகுதிகள், கூடவே வட பிரதேசத்துக்கு ஒன்று. 1949 டிசம்பர் 10 தேர்தலில் அது ஒரேயடியாக 121 ஆனது, வட பிரதேசத்தையும் கான்பரா இருக்கும் தலைநகரப் பிரதேசத்தையும் சேர்த்தால் 123. கட்டடம் என்னவோ 1927-ல் திறந்த அதே தற்காலிக நாடாளுமன்றம்தான், அந்தத் தற்காலிகம் 1988 வரை நீண்டது. பின்வரிசைக்காரர்களுக்குத் தனி அறை கிடையாது, பங்கு போட்டுக்கொண்டுதான் உட்காரவேண்டும். லிபரல் கட்சித் தலைவர் மென்சீஸ் பிரதமராக ஆட்சிக்கு வந்த அந்தத் தேர்தலில் புதிதாக வந்தவர்களில் நிறையப்பேர் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள். கூட்டத்தோடு ஓடிப் பழகாத ஐம்பது அறுபது பேர் ஒரே நாளில் உள்ளே வந்தால் கொறடாவின் பாடு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாக்கெடுப்பு நடக்கும் விதம் இது. சபாநாயகர் கேள்வியை முன்வைப்பார், ஆம் என்றும் இல்லை என்றும் குரல்கள் எழும். குரலை வைத்து அவர் சொன்ன முடிவை எதிர்த்தரப்பு ஏற்காமல் வாக்குப் பிரிவு கேட்டால், மேசையில் இருக்கும் மணல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், கட்டடம் முழுக்க மணி அடிக்கும். நூலகத்தில் இருப்பவர், சாப்பாட்டு அறையில் பாதிச் சாப்பாட்டில் இருப்பவர், தொகுதிக்காரரோடு தாழ்வாரத்தில் பேசிக்கொண்டிருப்பவர் எல்லாரும் மணல் இறங்குவதற்குள் உள்ளே வந்துவிடவேண்டும். மணல் தீர்ந்ததும் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு பிரதமரே வந்தாலும் வெளியேதான். ஆம் என்பவர்கள் சபாநாயகரின் வலப்பக்கம், இல்லை என்பவர்கள் இடப்பக்கம். தலைகளை எண்ணிப் பெயர்களைக் குறிப்பது பெரும்பாலும் இரண்டு பக்கத்துக் கொறடாக்களும் துணைக் கொறடாக்களும்தான்.

சாட்டை சொடுக்கும் வேலையைவிட இந்த எண்ணும் வேலைதான் அதிகம். அவையில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தாகவேண்டும் என்பது அன்றைய விதி (1989-ல் அதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்). இரவு ஒன்பது மணிக்கு யாரோ கோதுமை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து ஆள் போதவில்லை என்று சொன்னால் மறுபடியும் மணி. அந்த நேரத்துக்கு யார் யார் உள்ளே இருக்கவேண்டும், யார் வீட்டுக்குப் போகலாம் என்று முறை போட்டு வைப்பவர் ஆளுங்கட்சிக் கொறடா. அடுத்து யார் பேசுவது என்ற பட்டியலும் அவரிடம்தான். 1946 ஜூலையிலிருந்து அவை நடவடிக்கையை வானொலியில் நேரடியாக ஒலிபரப்ப ஆரம்பித்ததால், ஒலிபரப்பு நேரத்தில் பேச வாய்ப்புக் கேட்டு அவரை எத்தனைபேர் மொய்த்திருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு இணை ஏற்பாடு வேறு: இந்தப் பக்கம் ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால் அந்தப் பக்கம் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வார், எண்ணிக்கை சமமாகிவிடும். எழுதாத ஒப்பந்தம்தான். அவைக்குள் எதிரும் புதிருமாகக் கத்திக்கொள்ளும் இரண்டு கட்சிகளின் கொறடாக்கள் வெளியே ஒருவர் வார்த்தையை ஒருவர் நம்பினால்தான் இது நடக்கும்.

1950களின் பின்பாதியில் இந்த இரண்டு நாற்காலிகளிலும் இருந்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அரசுத் தரப்பில் 1955 முதல் 1960 வரை ஹூபர்ட் ஆப்பர்மேன். அவர் சைக்கிள் வீரர், அதுவும் சாதாரண வீரர் இல்லை. 1928-ல் பிரான்சில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் யாரோ அவருடைய சைக்கிள் சங்கிலிகளை அராவி வைத்துவிட, மொழிபெயர்ப்பாளரின் கனத்த சைக்கிளை வாங்கி ஓட்டிச் சமாளித்துக் கடைசியில் ஜெயித்தவர். 1931-ல் பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பந்தயத்தை 49 மணி 23 நிமிடத்தில் முடித்தவர். 1949-ல் கோரியோ தொகுதியில் நின்று, போருக்குப் பிந்தைய புனரமைப்பு அமைச்சராக இருந்த ஜான் டெட்மனைத் தோற்கடித்து உள்ளே வந்தார். தூங்காமல் இரண்டு நாள் மிதித்தவருக்கு ராத்திரி அமர்வு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எதிர்த்தரப்பில் பிரெட் டேலிக்குப் பிறகு 1956-ல் கொறடாவானவர் டாஸ்மேனியாவின் கில் டதி, மெதடிஸ்ட் பாதிரியார். சாட்டை என்று பொருள்படும் பதவியில் ஒரு பக்கம் சைக்கிள்காரர், இன்னொரு பக்கம் போதகர்!

இந்தக் கணக்கில் கொறடா துரத்த வேண்டியிராத உறுப்பினர்களும் இருந்தார்கள். வட பிரதேசத்தின் ஜாக் நெல்சன் 1949 முதல் 1966 வரை உறுப்பினர். பேசலாம், கேள்வி கேட்கலாம், ஆனால் நெடுங்காலம் தன் பிரதேசத்துச் சட்டவிதி ஒன்றை நிராகரிக்கும் தீர்மானத்தில் தவிர வேறெதிலும் வாக்களிக்க முடியாது. தலைநகரப் பிரதேசத்து உறுப்பினருக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். 1960களின் பிற்பகுதியில்தான் இருவருக்கும் முழு வாக்கு வந்தது. அதனால்தான் அந்தக் காலத்துத் தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது குழப்பம் வரும்: 1954-ல் எதிர்க்கட்சியான லேபர் கட்சிக்கு, அதாவது தொழிலாளர் கட்சிக்கு, 57 என்று ஓரிடத்தில் இருக்கும், 59 என்று இன்னோரிடத்தில் இருக்கும். இரண்டும் சரிதான், வாக்கில்லாத இரண்டு பேரைச் சேர்க்கிறோமா இல்லையா என்பதுதான் வித்தியாசம். மென்சீஸின் ஆளுங்கூட்டணிக்கு அப்போது 64.

சாட்டை எங்கே என்று கேட்டால், லேபர் கட்சியில் அது கொறடாவின் கையில் இல்லவே இல்லை. 1891-ல் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றத்துக்குத் தொழிலாளர் தரப்பில் 35 பேர் ஒரேயடியாக வென்று போய், இறக்குமதி வரி விஷயத்தில் உடனே இரண்டாகப் பிளந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், உறுப்பினர் கூட்டத்தில் பெரும்பான்மை எடுக்கும் முடிவுப்படிதான் வாக்களிப்பேன் என்று வேட்பாளரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் வழக்கம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவரைக் கொறடா மிரட்டவேண்டியதில்லை. 1950-ல் கம்யூனிஸ்ட் கட்சியைக் கலைக்கும் மசோதாவை மென்சீஸ் கொண்டுவந்தபோது லேபர் எதிர்த்தது, அக்டோபரில் கட்சியின் கூட்டாட்சிச் செயற்குழு எதிர்ப்பை விட்டுவிடுங்கள் என்றதும் கட்சித் தலைவர் சிஃப்லி உள்பட எல்லாரும் விட்டுவிட்டார்கள். (உயர் நீதிமன்றம் 1951 மார்ச்சில் அந்தச் சட்டத்தைத் தூக்கிக் கடாசியது வேறு கதை.) 1955-ல் கட்சி பிளந்தபோது விக்டோரியாவைச் சேர்ந்த ஏழு கீழவை உறுப்பினர்கள் வெளியே போய்த் தனியாக உட்கார்ந்தார்கள். அந்த டிசம்பர் தேர்தலில் ஏழு பேரும் தோற்றார்கள். லிபரல் கட்சிக்காரர்கள் எங்களுக்குக் கையெழுத்தும் இல்லை காப்பும் இல்லை, மனச்சாட்சிப்படி வாக்களிப்போம் என்று பெருமை பேசுவார்கள், ஆனால் அமைச்சர் பதவி கொடுப்பது மென்சீஸ் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இங்கேதான் நம் ஊரோடு பெரிய வித்தியாசம். இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஆஸ்திரேலியாவில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. கட்சியிலிருந்து நீக்கலாம், அடுத்த தேர்தலில் சீட்டு மறுக்கலாம், அவ்வளவுதான். உறுப்பினர் உறுப்பினராகவே இருப்பார்.

சரி, இதற்கு நல்ல தமிழ் என்ன? இலங்கை நாடாளுமன்றத்தில் ஒரு சொல் ரொம்ப நாளாகப் புழங்குகிறது: கோலாசான். தலைமைக் கொறடா என்றால் முதற்கோலாசான், அரசாங்கக் கட்சிக்கு ஒருவர், எதிர்க்கட்சிக்கு ஒருவர். கோலும் ஆசானும் சேர்ந்த சொல். கையில் பிரம்போடு நிற்கும் வாத்தியார் ஞாபகம் வருவது உண்மைதான், ஆனால் கோல் என்பது அடிக்கிற கோல் மட்டும் இல்லையே, அளவுகோலும் கோல்தான், மேய்ப்பவன் கையில் இருப்பதும் கோல்தான். மணல் இறங்குவதற்குள் தலைகளை எண்ணும் ஆளுக்குச் சாட்டையைவிட இது பொருத்தம் என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் எழுதுபவர்கள் கொறடாவை ஒரேயடியாகத் தூக்கிப் போடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது ஊறிப்போன சொல், செய்தியில் கோலாசான் என்று போட்டால் பாதிப்பேருக்குப் புரியாது. ஆளைக் கொறடா என்றோ கோலாசான் என்றோ சொல்லுங்கள், அவர் அனுப்பும் காகிதத்தைக் கட்சிக் கட்டளை என்று சொல்லிவிட்டால் ஆளுக்கும் காகிதத்துக்கும் குழப்பம் வராது.

ஆஸ்திரேலியச் செய்தியை மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அங்கே ஓர் உறுப்பினர் 'தளத்தைக் கடந்தார்' என்று எழுதியிருந்தால் உடனே கட்சி தாவினார் என்று போட்டுவிடாதீர்கள். அவர் கட்சியில்தான் இருக்கிறார். அந்த ஒரு வாக்கெடுப்புக்கு மட்டும் எழுந்து நடந்துபோய் எதிர்த்தரப்போடு உட்கார்ந்தார், அவ்வளவே. எதிர்வரிசையில் வாக்களித்தார் என்றால் போதும்.