ஹார்ட் டிஸ்க் போகிற நேரத்தில் ஓஎஸ் போடாதீர்கள்

"லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் பண்ணி விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க." சர்வீஸுக்கு வருபவர்களிடம் நான் அதிகம் கேட்பது இதைத்தான். ஆனால் டிஸ்க்கைச் சோதிக்காமல் நான் ஃபார்மட்டில் கை வைப்பதில்லை. விண்டோஸ் கெட்டாலும் லேப்டாப் மந்தமாகும், டிஸ்க் போகப்போனாலும் மந்தமாகும். முதலாவதற்கு ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) புதிதாகப் போட்டால் சரியாகும். இரண்டாவதில் அதே வேலை உங்கள் ஃபைல்களை அழித்துவிடும்.

வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். டிஸ்க் போகப்போகிறது என்றால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும். வேகத்தைப் பார்த்தால் விநாடிக்குச் சில கேபி மட்டுமே இருக்கும். படிக்க முடியாத ஒரு செக்டாரை (டேட்டா பதியும் சிறு பகுதி) டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால் இப்படி ஆகலாம். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 எண்ணுள்ள பதிவுகள் வரிசையாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். அடுத்து, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிசைகள் (கெட்ட செக்டார்களின் கணக்கு) முக்கியம். அவற்றின் மூல மதிப்பு (ரா வேல்யூ) வாராவாரம் ஏறினால் டிஸ்க்கின் காலம் முடிகிறது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர்தான் காரணம். அதற்காக டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை.

ஸ்மார்ட் 'நல்ல நிலை' என்று காட்டினாலும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. எஸ்எஸ்டி இன்னும் மோசம். சத்தம் கொடுக்காது. நேற்றுவரை ஓடியது இன்று பயாஸிலேயே தெரியாமல் போகும்.

"போன மாசம் ஃபார்மட் பண்ணினப்போ நல்லாத்தானே ஓடுச்சு?" என்று கேட்பார்கள். ஓடியிருக்கும். கெட்டுப்போன செக்டாரைப் படிக்க முடியாத வரை டிஸ்க் அதை 'நிலுவை' என்று குறித்து வைத்திருக்கும், அதுதான் 197. முழு ஃபார்மட் அதன்மேல் புதிதாக எழுதும்போது, எழுதியது பதியவில்லை என்றால் டிஸ்க் அந்த இடத்தைக் கைவிட்டு, உள்ளே ஒதுக்கி வைத்திருக்கும் உபரி செக்டாருக்கு மாறிக்கொள்ளும். 197 குறையும், 5 ஏறும், லேப்டாப் வேகம் பிடிக்கும். ஆனால் டேட்டா பதியும் தட்டில் விழுந்த கீறலோ தேய்ந்த ஹெட்டோ (படிக்கும் முனை) அப்படியேதான் இருக்கும். பழைய படங்கள் மட்டும் போயிருக்கும்.

அதனால் வரிசை முக்கியம்: முதலில் டேட்டா, பிறகு புது டிஸ்க், கடைசியில்தான் ஓஎஸ். சந்தேகம் வந்தவுடன் விண்டோஸின் செக் டிஸ்க் ஓடவிடாதீர்கள். அது ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்கும் கருவி, டேட்டாவை மீட்கும் கருவி அல்ல. சாகும் டிஸ்க்கின் முழுப் பரப்பையும் மணிக்கணக்கில் படிக்க வைத்து, தனக்குப் புரியாததை வெட்டியும் எறியும். விண்டோஸையே புதிதாகப் போடும் 'ரீசெட் திஸ் பிசி'யும் வேண்டாம்.

ஒரு ஆய்வு மாணவரின் லேப்டாப் நினைவுக்கு வருகிறது. காதை வைத்துக் கேட்டால் டக், டக், டக் என்று சீரான சத்தம், மோட்டார் நிற்கும், மறுபடி சுற்றும். அந்தச் சத்தம் வந்தால் உடனே பவரை நிறுத்திவிட வேண்டும். கிளீன் ரூம் (தூசியில்லாத அறை) வசதியுள்ள மீட்பு நிலையம்தான் அதற்கு வழி. ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வித்தையெல்லாம் ஈரத்தை உள்ளே விட்டு இருப்பதையும் கெடுக்கும்.

சத்தமில்லாமல் திணறும் டிஸ்க் என்றால், லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டுவேன். நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, சிக்கலான இடங்களைப் பிறகு வந்து தொடும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். முதல் பெரும்பகுதி மளமளவென்று ஏறும். மீதிச் சொச்சத்துக்கு இரவெல்லாம் ஆகலாம். கமாண்டில் எது பழைய டிஸ்க், எது புது டிஸ்க் என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும். இடம் மாறினால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாமேல் நகலாகிவிடும்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போது, 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்யவும்' என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டலாம். கேன்சல் மட்டும்தான் அழுத்த வேண்டும். எஸ்எஸ்டியில் ஃபார்மட் கொடுத்துவிட்டால் டிரிம் (அழித்த இடத்தை உள்ளேயே காலி செய்யும் கட்டளை) வேலை செய்து, மீட்பு மென்பொருளுக்கு வெறும் பூஜ்யங்களே மிஞ்சும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். பலருக்கு அது தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்பதே தெரியாது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே எடுத்து எழுதி வையுங்கள்.

நகலெடுத்தபின் நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பெயர் இருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. இப்படிப் பலமுறை பார்த்திருக்கிறேன். டெஸ்க்டாப், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் ஃபைல் மூன்றும்தான் அதிகம் விட்டுப்போகும்.

ஓஎஸ் போடுவது சுலபம். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டாலரைத் தயார் செய்யுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸுடன் விற்கப்பட்ட லேப்டாப்களில் கீ (விண்டோஸின் உரிம எண்) மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால், சில இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி (இன்டெலின் டிஸ்க் கட்டுப்பாட்டு) டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும், விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே தூக்கி எறியாதீர்கள். விட்டுப்போன ஒரு ஃபைல் சில வாரம் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வரும். பிறகு அப்புறப்படுத்தும்போது, பழுதான டிஸ்க்கை மென்பொருளால் முழுமையாக அழித்ததாக நம்ப முடியாது, உடைக்கத்தான் வேண்டும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, அடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள்.